அவனோடு சேர்ந்து வளையாதே

சென்ற மாசியில் எங்கள் வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படையல் போடும் நாள். பங்காளிகள் ஒன்பது புள்ளியும், அதாவது ஒன்பது குடும்பமும், வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆண்டு முழுவதும் நானும் என் மனைவியும் மட்டும் இருந்து, முன்கட்டில் ஒருவர், பின்கட்டில் ஒருவர் என்று நின்றால் கைபேசியில்தான் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்கிற இந்தப் பள்ளத்தூர் வீட்டில், அன்றைக்கு உட்கார இடமில்லை. அடுப்படியில் ஆச்சிமார் கூட்டம். முகப்பில் ஆண்கள் சொத்துக் கதை. இரண்டு இடத்திலும் எனக்கு வேலையில்லை என்பதால் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூரிலிருந்து வந்த பங்காளி வீட்டுப் பேரன் ஒருவன், பத்து வயதிருக்கும், என் எதிரே ஆத்தங்குடிக் கல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சீட்டுக்கட்டைப் பிரித்தான். எல்லாம் போர் விமானச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு விமானத்தின் படம். கீழே வேகம், ஏறும் உயரம், பறக்கும் தூரம், இயந்திரங்கள் எத்தனை என்று நாலைந்து வரி. ஒருவர் ஒரு வரியைச் சொல்ல வேண்டும். யாருடைய எண் பெரிதோ அவருக்கு இரண்டு சீட்டும். என் மகன் சின்ன வயதில் கிரிக்கெட் வீரர்களை வைத்து ஆடிய அதே ஆட்டம்.

எனக்கு வந்த முதல் சீட்டு மிக்-21. சிரிப்பு வந்துவிட்டது. 1985 முதல் 2005 வரை விமானப்படையில் விமானத்தின் உடலைப் பராமரிக்கும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக நான் துடைத்து, கழற்றி, மாட்டி, வாய்க்கு வந்தபடி திட்டிய விமானம். அவன் கையில் அமெரிக்காவின் எஃப்-15. "வேகம்" என்றான். என் சீட்டு போயிற்று. போன சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கொண்டே வந்தான்.

"எதைச் சொல்லியிருந்தாலும் நீங்கள் தோற்றிருப்பீர்கள், ஐயா. இதை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டைக்குப் போனார்கள்?"

அவன் கேட்டதற்குப் படைப்பு வீட்டுச் சத்தத்தில் அரைகுறையாகப் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. அவன் கையிலிருந்த எஃப்-15-உம் என் கையிலிருந்த மிக்-21-உம் நிஜமாகவே சந்தித்திருக்கின்றன. 2004 பிப்ரவரியில் குவாலியரில் இந்திய, அமெரிக்க விமானப்படைகளின் கூட்டுப் பயிற்சி. அலாஸ்காவிலிருந்து எஃப்-15சி விமானங்கள் வந்திருந்தன. நம் பக்கம் சுகோய்-30, மிராஜ்-2000, மிக்-29, கூடவே பைசன் என்று பெயர் மாற்றிப் புதுப்பித்த மிக்-21. நான் அப்போது வேறொரு தளத்தில் இருந்தேன். ஆனாலும் அந்த இரண்டு வாரமும் எங்கள் மெஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. இந்திய விமானிகள் எதிர்பார்த்ததைவிடக் கெட்டிக்காரர்கள், ஆட்டத்தை இடையிலேயே மாற்றி மாற்றி ஆடினார்கள் என்று அமெரிக்க அதிகாரிகளே பிறகு பத்திரிகைகளிடம் சொன்னார்கள்.

உடனே காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ள வேண்டாம். பல சுற்றுகளில் அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. நீண்ட தூர ஏவுகணையைப் பயன்படுத்துவதில் ஒப்பந்தப்படி கட்டுப்பாடும் இருந்தது. போதாததற்கு, புது விமானத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தில் பணம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. தோற்றதாகச் சொன்னால் அவர்களுக்கும் லாபம் உண்டு. வட்டிக்கடை வம்சத்தில் பிறந்தவன் நான். ஒருவர் தன் நட்டக் கணக்கைத் தானாகவே எடுத்துக் காட்டினால் கொஞ்சம் யோசிப்பேன். எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சும். சீட்டில் எல்லா வரியிலும் தோற்கிற விமானம் வானத்தில் எல்லாச் சுற்றிலும் தோற்கவில்லை.

மிக்-21 சுலபமான விமானம் இல்லை. காற்றில் அது ஊசி. தரைக்கு வரும்போது கல். சின்ன முக்கோண இறக்கை. ஓடுதளத்தைத் தொடும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வாலிலிருந்து பிரேக் பாராசூட் விரிந்தால்தான் நிற்கும். அந்தப் பாராசூட்டை ஒவ்வொரு முறையும் மடித்துத் திணிக்கிற வேலையைச் செய்தவன் கை இன்னும் அதை மறக்கவில்லை.

தரையில் இருக்கிற எங்களுக்கு விமானிகளை எடைபோட இரண்டு வழி உண்டு. ஒன்று, காக்பிட்டில் இருக்கும் ஜி மீட்டர். எவ்வளவு கடுமையாக வளைந்தார் என்பதை அதில் ஒரு முள் உச்ச அளவிலேயே நின்று காட்டிக் கொடுத்துவிடும். இன்னொன்று டயர். இறங்கி வந்த விமானத்தின் டயரைப் பார்த்தே யார் ஓட்டினார் என்று சொல்லிவிடுவோம். பந்தயம்கூடக் கட்டியிருக்கிறோம்.

ஓர் இளம் அதிகாரி. மிக்-21-இல் தனியாகப் பறக்கப் போகிற முதல் சில நாட்கள். ஏணியில் நின்று அவருக்குப் பட்டைகளைக் கட்டிவிட்டேன். இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளை உருவி, எண்ணிக் காட்டினேன். எண்ணும்போது அவர் உதடும் என்னோடு சேர்ந்து எண்ணியது. நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தார். இயந்திரம் அணைந்த பிறகும் இறங்கவில்லை. ஏணியைச் சாத்திவிட்டுக் காத்திருந்தேன். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார். கீழே வந்து டயரைப் பார்த்தால், இடது பக்கம் ஒரு கையகலத்துக்கு ரப்பர் போய் உள்ளே நூல் தெரிந்தது. அவரும் குனிந்து பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, மாற்றினேன்.

நாலு மாதம் கழித்து அதே ஆள் இறக்கிய அதே விமானத்தின் டயரைத் தடவிப் பார்த்தேன். கடையிலிருந்து வாங்கி வந்து ஒரு நாள் ஓட்டிய சைக்கிள் டயர் மாதிரி இருந்தது. விமானத்தில் நாங்கள் எதையும் மாற்றியிருக்கவில்லை. இடையில் அவர் பறந்திருந்தார், அவ்வளவுதான்.

இந்த விமானத்துக்குப் பறக்கும் சவப்பெட்டி என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 2012-இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி, வாங்கிய 872 மிக் வகை விமானங்களில் 482 விபத்துகளில் போயிருந்தன. 171 விமானிகள் இறந்திருந்தார்கள். பழைய விமானம், உதிரிபாகக் கோளாறு, பறவை மோதல் என்று காரணங்கள் பல. ஆனால் ஒரு காரணத்தை மட்டும் நான் எங்கே போனாலும் சொல்வேன். கிரண் என்கிற மெதுவான பயிற்சி ஜெட்டில் பழகிய பையன்களை நேரே மிக்-21-இல் ஏற்றினார்கள். நடுவில் ஒரு படி இல்லை. டிவிஎஸ் 50 ஓட்டிப் பழகியவனை ராத்திரி ஆம்னி பஸ்ஸின் ஸ்டியரிங்கில் உட்கார வைத்த கதை. நடுப்படியாக உயர்நிலைப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1982-இலேயே, விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டைன் குழு சொல்லிவிட்டது. முதல் ஹாக் விமானங்கள் படையில் சேர்ந்தது 2008-இல். இருபத்தாறு ஆண்டு! எத்தனையோ போர் விமானங்கள் வாங்கினோம் அந்த இடைவெளியில். போர் விமானம் குடியரசு தின அணிவகுப்பில் பறக்கும். பயிற்சி விமானத்தை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

இப்போது ரங்கூனுக்குப் போக வேண்டும். இந்தப் பக்கத்து மனிதர்கள் எதைப் பேசினாலும் கடைசியில் ரங்கூனில்தான் போய் நிற்பார்கள் என்பது தெரிந்ததுதானே.

என் ஐயா, அதாவது அப்பச்சி என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவைப் பெற்றவர், 1941-இல் பதினாறு வயதுப் பையன். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் பணப்பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பெட்டியடிப் பையன். மேலாள், அடுத்தாள், அதற்கும் கீழே சமையலாளுக்கு ஒரு படி மேலே என்று அவர் சொல்வார். எனக்கு விமானப் பைத்தியம் பிடித்தது அவரால்தான். சுறாமீன் வாயைப் பிளந்த மாதிரி மூக்கில் படம் வரைந்த விமானங்கள் ரங்கூன் மேலே பறந்ததைச் சொல்லிச் சொல்லி எனக்கு அரைப்படி சோறு கூடுதலாக ஊட்டிவிடுவார்.

அது கதையில்லை என்பது நான் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கிளேர் ஷெனால்ட் என்கிற அமெரிக்கர் சீனாவுக்காகத் திரட்டிய தன்னார்வ விமானிகள் அவர்கள். விமானம் பி-40. பர்மாவில் டவுங்கூ ஓடுதளத்தில் பயிற்சி எடுத்துவிட்டு, ஒரு பிரிவு ரங்கூனுக்கு வெளியே மிங்கலடானில் வந்து நின்றது. அதே ஓடுதளத்தில் பிரிட்டிஷ் படையின் பஃபலோ விமானங்களும் நின்றன. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் வந்தார்கள். 25 அன்று மறுபடியும் வந்தார்கள்.

அந்தப் பையனின் சீட்டு விளையாட்டுப்படி பார்த்தால் இதில் சண்டையே இல்லை. எதிரே வந்த ஜப்பானியப் படை விமானம் கி-27. சக்கரம் உள்ளே மடங்காது. இரண்டே இயந்திரத் துப்பாக்கி. வேகத்தில் பி-40-க்கு எட்டாது. ஆனால் வளைவதில் அதற்கு இணை கிடையாது. ஒரு பி-40 விமானி அதைத் துரத்திக்கொண்டு வளைந்தால், இரண்டாவது சுற்று முடிவதற்குள் துரத்தப்படுகிறவன் இவனாகிவிடுவான்.

ஷெனால்ட் 1937 முதல் சீனாவில் இருந்து ஜப்பானிய விமானிகளைப் பார்த்து வந்தவர். தன் பையன்களுக்கு வகுப்பெடுத்தபோது அவர் முதலில் போட்ட பூட்டு இதுதான்: அவனோடு சேர்ந்து வளையாதே. மேலே இரு. பாய்ந்து இறங்கு, சுடு, அப்படியே கீழே போய்க்கொண்டே இரு. பி-40 கனம், விழும் வேகத்தில் அவனால் பின்தொடர முடியாது. தூரம் போய் உயரம் சேர்த்துக்கொண்டு மறுபடியும் வா. தனியாகப் போகாதே, இரண்டிரண்டாகப் போ.

கேட்க எளிது. பின்னால் ஒருவன் சுடுகிறபோது கை தானாகவே விமானத்தைத் திருப்பும் தடியை இழுத்து வளைக்கும். மனிதனுக்கு அதுதான் இயல்பு. அந்தக் கையை நிறுத்தி, மூக்கைக் கீழே தள்ளச் சொல்வதற்குத்தான் டவுங்கூவில் அத்தனை வாரப் பயிற்சி. விமானத்துக்கு என்ன வரும் என்பது சீட்டில் அச்சாகியிருக்கிறது. என்ன வராது, அதை எதிரி கேட்கும்போது எப்படி மறுப்பது என்பது பறந்துதான் கைக்கு வர வேண்டும்.

அந்தப் படைக்குக் கிட்டத்தட்ட 300 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு எழுதினார்கள். பின்னாளில் ஜப்பானியர் பதிவுகளோடு ஒத்துப் பார்த்தவர்கள் அதில் பாதிகூடத் தேறாது என்றார்கள். விமானப் போரில் எல்லா நாட்டுக் கணக்கும் இப்படித்தான். வரவு இரண்டு மடங்கு, செலவு பாதி. எங்கள் கடைகளில் எழுதியிருந்தால் மேலாள் விரலை முறித்திருப்பார். பாதி என்றே வைத்துக்கொண்டாலும், பின்வாங்கிக்கொண்டே இருந்த ஒரு படைக்கு அது பெரிய காரியம். அடுத்த மார்ச்சில் ரங்கூன் விழுந்துவிட்டது என்பது வேறு விஷயம். தரையில் தோற்றால் வானத்தில் ஜெயித்து என்ன ஆகப் போகிறது?

பக்கத்தில் நின்ற பஃபலோ இருக்கிறதே, அதன் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அது அடிவாங்கியது. உலகத்திலேயே மோசமான போர் விமானம் என்று பெயர் வாங்கியது. அதே பஃபலோவில் பளு குறைந்த முந்தைய ரகம் 44 விமானங்கள் பின்லாந்துக்குப் போயின. அங்கே 1941-இலிருந்து சோவியத் விமானங்களுக்கு எதிராகப் பறந்து, தங்கள் பக்கம் ஒன்று விழுவதற்குள் எதிரியின் இருபதுக்கும் மேல் வீழ்த்தியதாகக் கணக்கு. மேலே சொன்ன கழிவைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் நிறைய மிஞ்சும். பின்லாந்துக்காரர்கள் மற்ற நாடுகள் மூன்று மூன்றாக அணிவகுத்துக்கொண்டிருந்த 1930-களிலேயே இரண்டு, நான்கு என்று பிரிந்து பறக்கப் பழகியவர்கள்.

ஆனால் நான் அதைச் சொல்ல வந்தது வேறு ஒன்றுக்காக. பஃபலோவின் இயந்திரம் எண்ணெய் கக்கித் தொல்லை கொடுத்தது. பின்லாந்து மெக்கானிக்குகள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன் ரிங்கைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். சரியாகிவிட்டது! தொழிற்சாலைப் பொறியாளர் யாரும் யோசிக்காததை எண்ணெய்க் கையோடு ஒருவன் யோசித்திருக்கிறான். அவன் பெயர் எந்த வெற்றிப் பட்டியலிலும் இருக்காது. இதை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பையனுக்கு இவ்வளவு நேரம் கேட்கப் பொறுமை இருக்குமா? சீப்புச் சீடையைக் கடித்துக்கொண்டே சீட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டான். விளக்கு மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தேன். 1941-இல் ஜான் தாட்ச் என்கிற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, ஜீரோ என்று ஒரு ஜப்பானிய விமானம் வந்திருக்கிறது, ஏறுவதிலும் வளைவதிலும் நம்முடையதை மிஞ்சும் என்று கேள்விப்பட்டு, வீட்டு மேசையில் ராத்திரி ராத்திரி தீக்குச்சிகளை அடுக்கிப் பார்த்தார். அவர் கையிலிருந்தது வைல்ட்கேட். சீட்டு ஆட்டத்தில் தோற்கிற ரகம்.

இரண்டு குச்சிகளை ஒரு சாண் இடைவெளியில் பக்கம் பக்கமாக வைத்தேன். அது நம் ஆட்கள். ஒன்றின் பின்னால் மருந்து முனை எரிந்த குச்சி ஒன்றை வைத்தேன். அது ஜீரோ. "இப்போது நம் இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்ப வேண்டும்." பையன் நகர்த்தினான். இரண்டும் குறுக்கே கடந்தன. பின்னால் வந்த கரிக்குச்சி, இரண்டாவது குச்சியின் மூக்குக்கு நேரே வந்து நின்றது. துரத்தியவன் துப்பாக்கிக்கு எதிரே தானே வந்து மாட்டிக்கொண்டான். கடந்த பின் மறுபடியும் திரும்பு, மறுபடியும் கட. பாய் முடைகிற மாதிரி.

கொஞ்ச நேரம் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மற்றவன் திரும்ப மறந்துவிட்டால்?"

"செத்தான்."

1942 ஜூனில் மிட்வே சண்டையில் தாட்ச் இதைச் செய்து காட்டினார். விமானம் மாறவில்லை.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சாட்சி கொடு என்று கேட்டால் நான் வியட்நாம் போரைக் கொடுப்பேன். அமெரிக்கக் கடற்படை, அமெரிக்க விமானப்படை இரண்டிடமும் ஃபேன்டம் விமானம். வடிவமைக்கும்போதே, இனி எல்லாம் ஏவுகணைதான் என்று நம்பித் துப்பாக்கியே வைக்காமல் விட்டார்கள். 1965-இலிருந்து 1968 வரை ஒன்றை இழந்தால் எதிரியின் இரண்டை வீழ்த்துகிற அளவில்தான் இரண்டு படைகளும் இருந்தன. எதிரே மிக்-17, மிக்-21 என்று சின்ன, மலிவான விமானங்கள். விமானப்படை, கருவியைத் திருத்துவோம் என்று துப்பாக்கி வைத்த புது ஃபேன்டத்தை இறக்கியது. கடற்படை 1969 மார்ச்சில் கலிபோர்னியாவில் மிராமர் தளத்தில் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் அறையில் பள்ளிக்கூடம் திறந்தது. தங்கள் சின்ன விமானங்களையே மிக் மாதிரி பறக்கவிட்டு, அவற்றோடு மோதிப் பழகினார்கள். 1972-இல் சண்டை மறுபடியும் மூண்டபோது விமானப்படை அதே இரண்டுக்கு ஒன்று. கடற்படை பன்னிரண்டுக்கு ஒன்று. அவர்கள் ஃபேன்டத்தின் உடலில் கடைசி வரை துப்பாக்கி கிடையாது. பிறகு விமானப்படையும் புத்தி தெளிந்து, 1975-இல் நெவாடா பாலைவனத்தில் நிஜப் போர் மாதிரி ஒத்திகை நடத்தத் தொடங்கியது. நம்மிடம் அந்த வேலைக்கென்றே 1971-இல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது, இப்போது குவாலியரில்.

இதைப் படித்துவிட்டு, நல்ல விமானி இருந்தால் கட்டைவண்டியை வைத்தும் ஜெயிக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்தபோது காரைக்குடிப் பேருந்து நிலையத்து டீக்கடையில் இந்தக் கட்சிக்கும், விமானம்தான் எல்லாம் என்கிற கட்சிக்கும் தினமும் வாய்ச்சண்டை. ரஃபேல் பெரிதா, சீனத்து ஜே-10 பெரிதா என்று டம்ளரைத் தட்டிப் பேசினார்கள். முன்னாள் விமானப்படை ஆள் என்பதால் என்னை நடுவராக்கப் பார்த்தார்கள். நான் பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன். மே 31 அன்று முப்படைத் தளபதி அனில் சவுகான் சிங்கப்பூரில், விமான இழப்பு இருந்ததை ஒப்புக்கொண்டு, உத்தியில் நேர்ந்த தவறைக் கண்டறிந்து திருத்தி இரண்டு நாளில் மறுபடி பறந்தோம் என்றார். அந்தப் பேட்டியில் நான் கவனித்தது உத்தி என்ற சொல். ரஃபேல் மோசம் என்று அவர் சொல்லவில்லை, விமானி மோசம் என்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு யாரும் ரங்கூன் வானத்து மாதிரி ஒருவர் வாலை ஒருவர் துரத்துவதில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே ஏவுகணை வருகிறது. யார் முதலில் பார்த்தார், பார்த்ததை யாருக்குச் சொன்னார், தன் ரேடாரை அணைத்துவிட்டு அடுத்தவர் கண்ணால் பார்க்க முடிகிறதா என்பதில் சண்டை முடிந்துவிடுகிறது. இங்கே கருவியின் தரம் கட்டாயம் பேசும். ஏவுகணை எட்டுகிற தூரம் பாதியாக இருப்பவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் முதல் பாதித் தூரம் அவன் வெறும் இலக்கு. ஆனால் அந்த வளையத்துக்குள் எப்போது நுழைவது, எப்போது வாலைத் திருப்பிக்கொண்டு வெளியேறுவது என்பது மறுபடியும் ஷெனால்ட் வகுப்புதான். வளைவதற்குப் பதில் தூரம். 1982-இல் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிரியா எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. தரையிலிருந்து வரும் குரல் சொன்னபடி பறந்து பழகிய விமானிகள் அவர்கள். இஸ்ரேல் ரேடியோவை இரைச்சலால் அடைத்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதைக் கருவியின் வெற்றி என்பீர்களா, பயிற்சியின் தோல்வி என்பீர்களா? எனக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை.

பையன் கடைசியில் கேட்டான்: "இந்தச் சீட்டில் ஒரு வரி சேர்க்கலாம் என்றால் எதைச் சேர்ப்பீர்கள்?" விமானியின் திறமை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான்.

"மாதத்தில் எத்தனை நாள் பறக்கும்?" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. சரி என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நேட்டோ நாடுகள் ஒரு விமானிக்கு ஆண்டுக்கு 180 மணி நேரம் பறப்பு வேண்டும் என்கின்றன. மாதம் 15. ஒரு ஸ்குவாட்ரனில், அதாவது ஒரு விமான அணியில், 20 விமானிகள் என்று வைத்தால் 300 மணி. மிக்-21 ஒரு தடவை போய் வந்தால் 40 நிமிடம். ஆக மாதம் 450 தடவை. 25 நாள் வேலை என்றால் நாளுக்கு 18. காலையில் வரிசையில் ஒன்பது விமானம் தயாராக நின்றால் ஒவ்வொன்றும் இரண்டு முறை ஏறி இறங்கினால் போதும். ஆறு நின்றால் மூன்று முறை. மூன்றுதான் நின்றது என்றால்? அன்றைக்குப் பாதிப் பேர் தேநீர் குடித்துவிட்டு அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். அவர்களுடைய கை மறக்க ஆரம்பிக்கும். சாதாரணமாக இதைப் பயிற்சிக் குறைவு என்று எழுதுவார்கள். கொட்டகையில் ஒரு சீல் வாஷருக்காகக் காத்துக் கிடக்கும் விமானத்தை யாரும் எழுத மாட்டார்கள். சுவீடனின் கிரிப்பன் விமானத்தை ஒரு தொழில்நுட்ப ஆளும் ஐந்து கட்டாய ராணுவச் சேவைப் பையன்களும் சேர்ந்து பத்து நிமிடத்தில் மறு பறப்புக்குத் தயார் செய்துவிடலாம். எனக்கு அதன் வேகத்தைவிட அந்தப் பத்து நிமிடம்தான் பொறாமையாக இருக்கிறது.

ஜப்பான் 1941-இல் உலகத்திலேயே கைதேர்ந்த கடற்படை விமானிகளை வைத்திருந்தது. பொறுக்கிப் பொறுக்கி, குறைந்த எண்ணிக்கையில் வளர்த்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவராக விழுந்தபோது அடுத்த வரிசையைப் பழக்க எண்ணெயும் இல்லை, நேரமும் இல்லை. 1944-இல் மரியானா தீவுகள் பக்கம் வந்தவர்கள் விமானம் ஓட்டத் தெரிந்த பையன்கள், அவ்வளவே.

மறுநாள் காலை ஊர் கலைவதற்கு முன் அவனை என் டிவிஎஸ் 50-இல் ஏற்றிக்கொண்டு செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் போனேன். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே கிடக்கிறது. புல்லும் கருவேலமும்தான். அவனுக்கு ஏமாற்றம். திரும்பும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"உங்கள் ஐயா அந்தச் சுறா விமானம் சண்டை போட்டதைப் பார்த்தாரா?"

முதல் நாள் பார்க்கவில்லை. அன்றைக்கு ரங்கூனில் சங்கு ஊதியதும் ஜனங்கள் பதுங்கப் போகவில்லை. தெருவில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேல் செத்தது அதனால்தான். கடையிலிருந்த மற்ற இரண்டு பேரும் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். ஐயாவுக்கும் ஓடத்தான் ஆசை. ஆனால் இடத்தைவிட்டு எழுந்தால் பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். மூன்று மாதமாக அடுத்தாள் அதற்காகவே குட்டு வைத்துக்கொண்டிருந்தார். பூட்டு கொஞ்சம் மக்கர். சாவியை இரண்டு முறை போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தபோது தெரு அதிர்ந்தது. வாசலில் நின்றவர்களைப் பற்றி அவர் எங்களிடம் ஒருபோதும் பேசியதில்லை.

அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அரக்கான் வழியாக நடந்து ஊர் வந்து சேர்ந்தார். பெட்டி ரங்கூனோடு போயிற்று. சாவி எங்கள் வீட்டு மர அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பையன் அதைக் கேட்டு வாங்கி, கையில் வைத்து எடை பார்த்தான். பெங்களூருக்குக் கார் புறப்படும் வரை கீழே வைக்கவில்லை.